ஸ்கைலாப் விழாத மலை

18-6-1979, திங்கள்
தபால் பை வரவில்லை. பஸ் போளூரிலேயே படுத்துவிட்டது. போஸ்ட் ஆபீஸ் வாசலில் மட்டும் கூட்டத்துக்குக் குறைவில்லை. "ஸ்கைலாப் நம்ம தல மேல வுயுமா ஐயா?" பத்து நாளாக இதே கேள்வி.

எல்லாரையும் பாறை முனைக்குக் கூட்டிப் போய்க் கல் எறிந்து காட்டினேன். மெதுவாக எறிந்தால் கிட்டே விழும், வேகமாக எறிந்தால் எட்டி விழும். நொடிக்கு ஐந்து மைல் வேகத்தில் எறிந்தால்? அப்போதும் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் பூமி உருண்டை. தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். அப்படித்தான் சாட்டிலைட்டுகள் சுற்றுகின்றன. அமெரிக்காக்காரன் மேலே விட்ட ஸ்கைலாபை மட்டும் லேசான காற்று உரசி உரசி வேகத்தைக் குறைத்துவிட்டது, அதனால் இறங்குகிறது. பூமியில் முக்கால்வாசி கடல், நம் மேல் விழுவது ரொம்ப அபூர்வம் என்றேன். ஆடு வளர்க்கிற பெரியம்மாள், "நீங்க இங்கதான இருக்கீங்க, அது போதும்" என்றாள்.

ஆடு வாங்க வந்திருந்த தங்கவேலும் சேர்ந்து கல் எறிந்தான். என் மச்சான், நீலாவதியின் தம்பி. முதலில் புரிந்தது அவனுக்குத்தான். கெட்டிக்காரன்.

4-7-1979
நீலாவதிக்கு வலி எடுத்துவிட்டதாம். மாமியார் பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். கண்ணமங்கலம் கிளம்புகிறேன். யாரிடமும் சொல்லக்கூட நேரமில்லை.

5-7-1979
பெண். இரண்டு பேரும் சுகம்.

12-7-1979
ஸ்கைலாப் கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்ததாம். ரேடியோவில் சொன்னார்கள். மனசுக்குள் கொஞ்சம் கர்வம்தான்.

14-7-1979
மலைக்கு வந்தேன். பட்டிகள் காலி.

நான் போன மறுநாளே தங்கவேல் லாரியோடு வந்தானாம். "எங்க மாமாவே மூட்ட கட்டிக்கினு எறங்கிட்டாரு. நீங்க ஆட்ட வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" அவன் கேட்ட அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சத்தை அறுத்துத் தின்றிருக்கிறார்கள். விதைச் சாமையையும் வடித்துச் சாப்பிட்டாயிற்று — சாகப் போகிறவனுக்கு விதை எதற்கு என்று. இப்போது விதைப்புக்காலம். கையில் ஒரு மணி இல்லை.

என் பேரச் சொல்லி பண்ணியிருக்கான். கூட நின்னு கல்லு எறிஞ்ச பாவி. ஒண்ணும் தெரியாதவன் பண்ணியிருந்தாகூட மனசு ஆறும். இவனுக்கு எல்லாம் தெரியுமே.

16-7-1979
கண்ணமங்கலம் போய்க் கேட்டேன். "நான் இன்னா பொய் சொன்னேன் மாமா? நீங்க எறங்குனது நெசம்தான?" என்றான். மாமியார் மோர் கொண்டுவந்து வைத்தார். குடிக்கவில்லை. நீலாவதி குழந்தையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

20-7-1979
அவள் அப்பா வீட்டிலேயே இருக்கிறாளாம். இருக்கட்டும்.

9-8-1979
பெரியம்மாள் கார்டு வாங்க வந்தாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பயந்து ஓடவில்லை, பிரசவத்துக்குத்தான் போனேன், அது தங்கவேலுக்கு நன்றாகத் தெரியும் என்று. பொறுமையாகக் கேட்டாள்.

"பொண்டாட்டி கொயந்தய காப்பாத்த ஓடுனீங்க, அது தப்பில்ல ஐயா. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலயே, அதான். உங்க மச்சான் பாவம், மலையேறி வந்து சொன்னாரு. நல்ல மனுசன்."

இந்த வருஷம் ஊர்ப் புளியமரம் எல்லாம் அவனுக்குத்தான் குத்தகை.