கழுத்தில் ஏழு துளை

நான்கு நாட்களாக என் மேசை லாச்சிக்குள்ளிருந்து பழைய தேங்காய் எண்ணெயின் மணம் வந்துகொண்டிருந்தது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று மனைவி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். இல்லை என்றேன். நீ செத்த முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்த மறுநாள் உன் மனைவி கொண்டுவந்து தந்த பொதி அது. உன் பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தது. பிரிக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்புக்காற்றில் உலோகம் பூத்துப் போகாமலிருக்கச் சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறவன் இந்தத் திருகோணமலையில் நீ ஒருவன்தான். உள்ளே இருந்தது நான் இருபது வருஷமாகத் தேடின துண்டு. தேடினேன் என்பதும் பொய். அது எங்கேயாவது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் காலி செய்துகொண்டு போனபோது மாலுமிகள் தங்கள் றேஸ் சைக்கிள்களை இங்கேயே விற்றுவிட்டுப் போனார்கள். உனக்குப் பச்சை வந்தது, எனக்கு நீலம். கிண்ணியாவிலிருந்து பாதைப் படகில் ஏறி இக்கரை வருகிற காசிம் காக்காவுக்குக் கறுப்பு. அவருடையதில் கியரும் இல்லை, சும்மா உருளவும் மாட்டாது. சில்லு சுற்றினால் பெடலும் சுற்றும், காலை நிறுத்தினால் ஆளையே தூக்கி எறியும். உன்னுடையதில் ஐந்து கியர், அலுமினிய றிம், விரல் தடிப்பில் ரயர். என்னுடையதில் மூன்று கியர், அதுவும் பின்சில்லின் குடத்துக்குள். இரும்பு றிம். எவ்வளவு மினுக்கினாலும் அது உன் சைக்கிளுக்குத் தம்பிதான்.

ஞாயிறு விடிய உள்துறைமுகத் தேத்தண்ணிக்கடைக்கு முன்னால் நாங்கள் கூடுவதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் சுண்டுவிரல். சைக்கிளின் மேல் பாருக்கு நடுவில் சுண்டுவிரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதில் எது லேசு என்று காசிம் காக்கா சொல்லுவார். பிறகு நிலாவெளி வரை ஓட்டம். அங்கே ஆளுக்கு ஆள் சைக்கிளை மாற்றிக்கொள்ள வேண்டும். தன் சைக்கிளைத் தானே புகழக் கூடாது. மாற்றி ஓடினவன்தான், உவர்மலையில் ஏறி இறங்கிக் கடைக்குத் திரும்பி வந்தபிறகு, அதைப் பற்றி ஒரு வசனம் சொல்லலாம். அந்த ஒரு வசனத்துக்காக நான் ஒரு கிழமை முழுக்கக் காத்திருந்த காலம் உண்டு. என் நீலத்தைப் பற்றி நீ வழமையாகச் சொன்னது, "நல்ல சைக்கிள் மச்சான், நெல்லு மூட்டை ஏத்தலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிப்பேன், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது.

நான் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் பிற்றர் வேலை பார்த்தவன். கையில் துளைகருவி. பிரேக் பிடியில் துளை போட்டேன், செயின் வளையத்தில் போட்டேன், சீற் கம்பியில் போட்டேன். இருந்தும் சுண்டுவிரல் உன் பச்சைக்குத்தான் சாட்சி சொன்னது. கடைசியில் மிஞ்சிக் கிடந்தது கழுத்து. ஹாண்டிலைத் தாங்கி முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற அந்த அலுமினியத் துண்டு. ஓடுகிறவனின் முழு உயிரும் அதிலேதான் தொங்குகிறது என்பது பிற்றருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே அதன் அடிப்பக்கத்தில் ஏழு துளை போட்டேன். கண்ணுக்குத் தெரியாமல் கறுப்பு நாடாவால் சுற்றினேன். விழுந்த தூளைத் தீப்பெட்டி ஒன்றுக்குள் கொட்டிப் பார்த்தேன், பெட்டி பாதிக்குக்கூட நிறையவில்லை. அந்தப் பாதித் தீப்பெட்டிக்காகத்தான் எல்லாம்.

அந்த ஞாயிறு காசிம் காக்கா இரண்டையும் தூக்கினார். மறுபடியும் தூக்கினார். "இண்டைக்கு நீலம்தான் லேசு" என்றார். உன் முகம் போன போக்கை இப்போதும் பார்க்கிறேன். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சந்தோஷம்.

உப்புவெளி தாண்டும்போது அது தொடங்கியது. டிக். சின்னச் சத்தம், நகம் வெட்டுவதுபோல. நான் ஹாண்டிலை இழுத்து மிதிக்கிற ஒவ்வொரு தரமும், டிக். இறங்கிப் பார்த்திருக்கலாம். பார்த்தால் நாடாவை அவிழ்க்க வேண்டும், அவிழ்த்தால் துளை தெரியும். இழுக்காமல் மெல்ல ஓடினேன். கடல் அன்றைக்கு அசையாமல் கிடந்தது, காற்றும் இல்லை. எதுவும் அந்தச் சத்தத்தை மூடவில்லை.

நிலாவெளியில் நீ நேரே என் சைக்கிளிடம்தான் வந்தாய்.

"இண்டைக்குக் காக்காட கறுப்பை எடன்" என்றேன்.

"ஏன்? நான் பிழை கண்டுபிடிச்சிருவன் எண்டு பயமே?"

"பயமென்ன பயம். கொண்டு போ."

கொண்டு போ. என் வாயாலேதான் சொன்னேன்.

திரும்புகிற வழியில் நீ எனக்குப் பக்கத்தில் வந்து தலையைச் சரித்துக் கேட்டாய். "மச்சான், உன்ர சைக்கிள் கதைக்குதடா."

"என்னவாம்?"

"விளங்கேல்லை. கழுத்துப் பக்கம் கேக்குது."

"சீற்றா இருக்கும். உன்ர பாரத்துக்கு அது கத்தாம என்ன செய்யும்?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அட பாவி, நானும் சிரித்தேன்! உப்புவெளி வந்தது, ஊர் வந்தது, உவர்மலை ஏற்றம் வந்தது. நீ எழும்பி நின்று மிதித்தாய். எனக்கு முன்னால் என் நீலம் இடதும் வலதுமாக ஆடி ஆடி ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். உன் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை.

இறக்கத்து வளைவில் நீ பிரேக்கைப் பிடித்து முன்னுக்குச் சாய்ந்தாய். ஹாண்டில் கழன்று உன் கையோடு வந்தது. நீ அதைப் பிடித்தபடியே மதகில் போய் விழுந்தாய்.

காசிம் காக்கா உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "என்ன நடந்தது? வாயத் துறந்து சொல்லு வாப்பா" என்று கத்தினார். உன் வலது மணிக்கட்டு பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "மான்" என்றாய். "மான் குறுக்க பாஞ்சது, காக்கா." மான்கள் தெருவில் திரிகிற ஊர் இது, யாரும் மறுத்துக் கேட்கவில்லை. உன்னை ஆசுப்பத்திரிக்கு ஏற்றியபின் சைக்கிளில் மிஞ்சியிருந்த கழுத்தின் அடிக்கட்டையைக் கழற்றித் துறைமுகத்துக்குள் எறிந்தேன். மற்றப் பாதி நீ பிடித்திருந்த ஹாண்டிலோடு காணாமல் போயிருந்தது.

உன் கை பொருந்தியது, நிமிரவில்லை. கிரேன் ஓட்டின உன்னைத் துறைமுகக் கேற்றில் கதிரை போட்டு இருத்தினார்கள். போகிற வருகிற லொறிகளின் இலக்கத்தை இடது கையால் எழுதினாய். அதன் பிறகு நாங்கள் மாற்றி ஓடவில்லை. ஆனால் ஞாயிறு விடிய நீ நடந்து வந்து கடை வாசலில் இருப்பாய். நாங்கள் வெளிக்கிடும்போது எழும்பி வந்து, என் ஹாண்டில் கழுத்தின் அடிப்பக்கத்தில் பெருவிரலால் ஒரு தரம் தடவுவாய். ஒன்றும் கேட்க மாட்டாய். "சரி, போ" என்பாய். ஒரு ஞாயிறுகூட நீ தவறவிட்டதில்லை. உன் விரல் அங்கே போகும்போதெல்லாம் நினைப்பேன்: இவனுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் கேட்கிறானில்லை? சொல்லிவிடலாம் என்று எத்தனை தரம் வாயெடுத்தேன்! அப்போதெல்லாம் நீ கியர்க் கதை எடுத்துவிடுவாய்.

பொதியைப் பிரித்துப் பார்த்தேன். நாடா இல்லை. ஏழில் மூன்று முழுத் துளை, நாலாவதில் பாதி, அதோடு முறிந்திருந்தது. நீ நாடாவை எப்போதோ அவிழ்த்திருக்கிறாய். இத்தனை வருஷமும் எண்ணெய் பூசி வைத்திருந்திருக்கிறாய்.

உன் மனைவி வாசலில் நின்றுதான் சொன்னாள்: "அண்ணன், ஏலாமல் கிடக்கேக்க இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். மாத்தி ஓடினவன் சொல்லவேணும், நான் இன்னும் சொல்லேல்லை எண்டார். 'சைக்கிள் நல்ல லேசு' எண்டு சொல்லட்டாம். அப்பிடியெண்டால் என்ன அண்ணன்?"

உனக்குக் கோபமா, பகிடியா, மன்னிப்பா என்று எனக்கே தெரியவில்லை. நீ என் சைக்கிள் கழுத்தைத் தடவினது என்னைக் குத்திக்காட்டவா, நான் மறுபடியும் துளை போட்டுச் சாகாமல் பார்க்கவா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இனிக் கேட்க ஏலாது.

ஒன்று உனக்குத் தெரியும். அந்த வளைவு வந்தால் காசிம் காக்கா போன கிழமை வரைக்கும் சைக்கிளைவிட்டு இறங்குவார். இரண்டு பக்கப் பற்றைப் புதரையும் பார்ப்பார். மானைத் திட்டிக்கொண்டே உருட்டி நடப்பார். புதிதாக ஓட வருகிற பெடியன்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார். இருபது வருஷம் நான் பின்னால் இறங்கி, நானும் பற்றையைப் பார்த்திருக்கிறேன்.

இன்று காலை கடையில் துண்டை அவர் கையில் வைத்தேன். "மான் வரேல்லை, காக்கா" என்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் துளைகளை விரலால் எண்ணினார்.

"எவ்வளவு பாரம் குறைஞ்ச?"

"அரைத் தீப்பெட்டி."

துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். நானும் சைக்கிளில் பின்னால் ஓடினேன். நிலாவெளி வரைக்கும் அவர் முதுகுதான் தெரிந்தது, திரும்பும்போதும் அதுதான். உவர்மலை ஏறி இறங்கினோம். வளைவு வந்தது. அவர் இறங்கவில்லை. பற்றைப் பக்கம் திரும்பவும் இல்லை, என் பக்கமும் திரும்பவில்லை. நேரே போய்விட்டார்.

நான் இறங்கினேன். மதகடியில், சட்டைப் பைக்குள் உன் துண்டோடு, தனியாக நின்றேன். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "சரி, போ" என்று சொல்ல அங்கே ஆளில்லை.