எங்கள் கட்டடத்தின் கடைசிக் கையெழுத்து

அக்டோபர் 9
மாடிப்படி அடியில் கூட்டம். பழைய அடுக்குமாடிகளுக்கெல்லாம் வெளிச்சுவரில் குளிர்தாங்கிப் பலகை ஒட்டி, சன்னலும் மாற்றித் தருகிறதாம் அரசாங்கம். ஆனால் வீட்டுக்காரர் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் போட்டார்கள். நான் போடவில்லை. தாளை நீட்டியவள் மேல்வீட்டு ஸ்லாத்கா. என் புருஷன் செத்த வருஷம், என் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் நாறுகிறது என்று நிலவறையிலிருந்து தூக்கிப் பனியில் வைக்கச் சொன்னவள். மறப்பேனா?

“என் வீட்டுச் சுவருக்கு மகன் எப்பவோ பலகை ஒட்டிட்டான். எனக்கெதுக்கு?” என்றேன்.

“ஆமா, கோட்டுல பை தைச்ச மாதிரி கட்டடத்து மேல பச்சையா ஒரு துண்டு,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்டோபர் 17
ஸ்லாத்கா புருஷன் பென்ச்சோவை மேலே விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். “பென்ச்சோவுக்கு நெஞ்சு சரியில்ல, ராய்னா. கட்டிலையொட்டிச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. துடைக்கத் துடைக்க வருது. உன் ஒருத்தி கையெழுத்துதான் பாக்கி.”

“பீப்பாய் ஞாபகம் இருக்கா?”

“எந்தப் பீப்பாய்?”

மறந்தே போயிருக்கிறாள்! கதவைச் சாத்தினேன்.

அக்டோபர் 30
நாளை கடைசி நாள். இன்னொரு தடவை கேட்டால் போட்டுவிடலாம். அவளே வரட்டும்.

அக்டோபர் 31
வரவில்லை. பேனாவோடு கதவருகே உட்கார்ந்திருந்தேன். மேலே ஏறிப் போயிருக்கலாம். முழங்கால் வலி என்று எனக்கே பொய் சொன்னேன்.

மார்ச் 3
எதிர்க் கட்டடத்தில் சாரம் கட்டிவிட்டார்கள்; எங்கள் கட்டடத்துக்குத்தான் இல்லை. ரொட்டிக்கடைக்குப் போனேன். “வாங்க ராய்னா அக்கா, உங்களுக்குத்தான் குளிரே தெரியாதாமே?” என்றாள் கடைக்காரி. ரொட்டி வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 20
பென்ச்சோவைப் பிளவ்டிவ் நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள்; ஸ்லாத்காவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே போகிறாள். இரண்டு பேர் தாங்கிப் படியிறக்கினார்கள். என் கதவுக்கு நேரே நின்று மூச்சு வாங்கினார். நான் உள்ளே, கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு— சீ!

ஜூன் 11
வாசற்கதவில் பென்ச்சோவின் படம் போட்ட சாவு அறிவிப்புத்தாள் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்காமல் போய்வர இந்தக் கட்டடத்துக்கு வேறு கதவு இல்லை.

செப்டம்பர் 12
மறுபடி விண்ணப்பம் வாங்குகிறார்கள். நானே முதலில் போட்டேன். கட்டடப் பொறுப்பு இப்போது பக்கத்து வீட்டு ஸ்தோயானிடம்; அவன்தான் தாளை நீட்டினான். ஸ்லாத்கா போடுவாளா? அவள் இடத்தில் நான் இருந்தால் போடமாட்டேன்.

செப்டம்பர் 13
தொலைபேசியில், “ஸ்லாத்கா, நான்தான் ராய்னா,” என்றேன்.

“கையெழுத்துக்கா? கிளம்புன அன்னிக்கே ஸ்தோயான் பேர்ல அதிகாரம் எழுதிக் குடுத்துட்டேனே. எப்ப கேட்டாலும் போடச் சொல்லி.” பிறகு, “சாவியும் அவன்கிட்டதான். ஆளுங்க வந்தா நீ திறந்துவிடு. அவன் வேலைக்குப் போயிடுவான்.”

திட்டியிருக்கலாம். திட்டவில்லையே.

ஏப்ரல் 8
சன்னல்காரர்களுக்கு மேல்வீட்டைத் திறந்துவிட்டேன். கட்டில் கிடந்த இடத்தில், அவள் கை எட்டிய உயரம்வரை சுவர் தேய்ந்து வெளுத்திருந்தது. அதற்கு மேலே கூரைவரை கறுப்பு.

“இங்க யாரு பாட்டி இருந்தாங்க?” என்று ஒருவன் கேட்டான்.

பெயரைச் சொன்னேன். இரண்டு பேர் பெயரையும்.