பழி போட ஒரு மாவு

என்னங்க,

நீங்களும் அத்தையும் பாப்பாவும் சுகந்தானே? முதுகுவலி குறைந்ததா? தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்க வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. உடற்பயிற்சி செய்கிறவர்கள் கரைத்துக் குடிக்கும் சத்துமாவைத்தானே நாங்கள் பொட்டலம் போடுகிறோம்? கிழிந்த பொட்டலங்களை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று மூன்று வேளையும் அதையே குடித்தேன். கொஞ்ச நாளில் தூக்கம் போயிற்று. வேலையில் நின்றபடியே காரணமில்லாமல் அழுதேன். மாவு நனைகிறது என்று மேற்பார்வையாளர் என்னை எங்கள் கம்பெனி நர்ஸ் அக்காவிடம் அனுப்பிவிட்டார்!

"அந்த மாவுல லியூசின்ங்கிற சத்துதான்டி கொட்டிக் கெடக்கு. மனசத் தேத்துற சத்துக்கு ட்ரிப்டோஃபான்னு பேரு. மூளைக்குள்ள போக ரெண்டுக்கும் ஒரே வாசல். லியூசின் கும்பலா வந்து முட்டினா, ட்ரிப்டோஃபான் பாவம், வெளியவே நிக்கும். மாவ நிறுத்திட்டு பருப்பு, முட்டைன்னு ஒழுங்கா சாப்பிடு," என்றார் அக்கா.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குற்றம் மாவின்மேல்தான், என்மேல் இல்லை என்று அன்று வாய்விட்டுச் சிரித்தேன்.

நம் கட்டிலில் கிடக்கும் தலையணை உறை ஒன்றை அனுப்புங்கள். பழசே போதும், துவைக்க வேண்டாம். பாப்பா என்னைத் தேடுகிறாளா என்று எழுத வேண்டாம். எத்தனை பல் விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். மாவைக் குடிப்பதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. தினமும் பருப்பும் முட்டையும்தான். அழுகை மட்டும் நிற்கவில்லை. பழி போட இனி மாவும் இல்லை.

பாப்பாவின் அம்மா