டூகல் ஒளிக்காத பீப்பாய்

டோமின்டூல்,
நவம்பர் 4

ஆல்ட்மோன் விஸ்கி ஆலையின் உரிமையாளர் திரு. கிரெகர் பிளைத் அவர்களுக்கு,

வணக்கம். கடைசிப் பீப்பாய் விஸ்கியின் வெளியீட்டு விழாவில் நான் நெகிழ்ந்து அழுததாகப் பத்திரிகையில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அழவில்லை. பாட்டில் பெட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணை இடுக்கினேன். படித்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

பெட்டியில் அச்சிட்டிருந்த கதை இது: 1981இல் ஆலையை மூடியபோது கிடங்குப் பொறுப்பாளர் டூகல் ஃபார்க்கர்சன் கடைசிப் பீப்பாயை ஒளித்துவைத்தாராம். கிறிஸ்துமஸ்தோறும் அதிலிருந்து ஒரு மடக்கு குடித்தாராம். டூகல் என் கணவர். இப்போது கல்லறையில் இருக்கிறார். மறுத்துப் பேச அவரால் முடியாது.

அன்று கிடங்குக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி என் கணவரிடம், மற்றது கலால் அதிகாரியிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். ஆலையை விலைக்கு வாங்கியவர் இதையாவது விசாரித்திருக்கலாம்.

மது தொடமாட்டேன் என்று எங்கள் கோயிலில் உறுதிப்பூசுதல் சடங்கின்போது ஆயர் முன் எல்லாப் பையன்களும் வாக்குக் கொடுப்பார்கள். இருபத்தொரு வயதோடு அது முடிந்துவிடும். டூகல் சாகும்வரை காப்பாற்றினார். வேலை முடிந்ததும் மேலாளர் கொம்புக் குவளையில் ஊற்றித் தரும் விஸ்கிப் பங்கை உலைக்கார லாக்லனிடம் நீட்டிவிடுவார். “உனக்கு மோட்சம், எனக்குச் சாராயம். சரியான பங்குதான்டா” என்பார் லாக்லன்.

பீப்பாய் மிஞ்சியதற்குக் காரணம், அந்த வருடங்களில் எங்கள் விஸ்கியை வாங்க ஆளில்லை. ஆலையை மூடும்போது சரக்கை ஏற்ற வந்த அன்றைய முதலாளியிடம், “பின்வரிசையில இன்னும் ஒண்ணு கெடக்குங்க ஐயா” என்றார் டூகல். “கெடக்கட்டும்யா, லாரிக் கூலிக்குக்கூடப் பெறாது” என்றார் அவர். சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பழைய விஸ்கியை விலை கொடுத்து வாங்கும் சேகரிப்பாளர்களுக்கு முதலாளியின் அலட்சியத்தைவிடத் தொழிலாளியின் திருட்டு ருசிக்கிறது போலும்.

உங்கள் விளம்பர ஆள் வீட்டுக்கு வந்து, “மேடம், அவரை ஹீரோவாக்கிட்டோம்ல, சந்தோஷப்படுங்க” என்றார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், “உம் புருஷன் ஒளிச்சதுல எங்களுக்கும் ஒரு சொட்டு காட்டியிருக்கலாமேடி” என்கிறாள் அடுத்த வீட்டு மோராக். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தக் கோயிலில்தான் டூகல் வாராவாரம் காணிக்கைத் தட்டு ஏந்தினார்.

மீதிப் பாட்டில்கள் வசந்தத்தில் வருமாம். அதற்குள் பெட்டியிலிருந்து அந்தக் கதையை எடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவி இப்படி ஒரு கடிதம் எழுத நேராதிருக்கக் கடவுள் அருளட்டும்.

ஆள் அனுப்ப வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம். எடுப்பீர்களா மாட்டீர்களா என்பதை எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருமதி இஷ்பெல் ஃபார்க்கர்சன்