ஜக்கெற்றில் அடை கிடந்த கோழி

சண்டிலிப்பாய்
புரட்டாதி 4

என் அன்பு மகள் கஜானி அறிய அம்மா எழுதுவது, நாங்கள் இங்கே சுகம் என்று எழுதிவிட்டு "நாங்கள்" என்பதை வெட்டினேன், அப்பா போய் ஐந்து மாதமாகியும் கைக்கு அது இன்னும் பிடிபடவில்லை, நான் சுகம், நீயும் அந்தப் பின்லாந்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "படிப்பும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், நான் வந்திடுறன் அம்மா" என்று அழுதாய், உன் முகத்தைக் கண்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன், அதனால்தான் ஐந்தாம் வகுப்புப் படித்த இந்தக் கையால் எழுதி, நாளைக்கு நீ இருக்கிற ஊருக்கே படிக்க வெளிக்கிடுகிற சுன்னாகத்து டினேஸிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே உன் குளிர் ஜக்கெற்றும் வருகிறது. முதலில் அதன் கதையைக் கேள்.

போய் இறங்கிய அன்றே நீ "அம்மா, ஜக்கெற்றைக் காணேல்லை" என்றாய். நான்தான் வைக்க மறந்துபோனேன் என்று நினைத்தேன் பிள்ளை. அப்பா போனதிலிருந்து கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறேன், தேத்தண்ணி இரண்டு கோப்பை ஊற்றி இரண்டையும் நானே குடிக்கிறேன், இப்படிப்பட்டவள் மறக்காமல் என்ன செய்வாள் என்று ஒரு கிழமை என்னையே திட்டிக்கொண்டு அரிசி வாளிக்குள்ளும் தேடினேன். எட்டாம் நாள் கறிவேப்பிலை ஆய்வதற்குப் பக்கத்து வீட்டுச் சின்னாச்சி மாமியிடம் போனால், குசினி அடுப்பு மூலையில் ஒரு ஓலைக் கடகத்துக்குள் அவவின் சிவத்தப் பேட்டுக்கோழி அடை கிடக்கிறது, அதற்குக் கீழே நீலமாக ஏதோ தெரிகிறது, குனிந்து பார்த்தால் உன் ஜக்கெற்!

உன் பிளேன் போகிற நாள் அட்டமி என்று சாத்திரியார் சொன்னதால், இரண்டு நாள் முந்தியே நல்ல நேரத்தில் உன் பெட்டியை வீட்டை விட்டு வெளிக்கிடுத்தி அவவின் வீட்டில் வைத்தோமே, அப்போது நடந்த வேலை. அவவுக்கு ஒரு வெட்கமும் இல்லை. "ஓமடி மீனா, நான்தான் எடுத்தனான். உடுப்பு எந்த நாட்டிலையும் விக்கும், பனங்கிழங்கு அவிச்சுக் காயவைச்ச புழுக்கொடியல் விக்குமே? நிறை கூடாமல் வெங்காயத் தராசிலை நிறுத்துத்தான் ஜக்கெற்றுக்குப் பதிலா அதை மாத்தி வைச்சனான், ஒரு கிறாம் பிசகேல்லை" என்கிறா. அப்ப ஏன் கோழி அதில் கிடக்குது என்றால், "அது தானாப் போய்ப் படுத்திட்டுது, வெளிநாட்டுக்குப் போற சாமானெண்டால் கோழிக்கும் ஆசைதானே" என்கிறா. நான் இழுக்கப் போக, "தொடாதை! அடை குழம்பினால் பன்னிரண்டு முட்டையும் கூழாப் போகும், பத்து நாள் பொறு" என்று கையைப் பிடித்துவிட்டா. என் பிள்ளை அங்கே குளிரில் விறைக்கிறாள் என்றேன். "அவள் படிச்ச பிள்ளை, சொன்னால் பொறுப்பாள். கோழிக்கு ஆர் விளங்கப்படுத்திறது?" என்றா. கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன், வந்து கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன், அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன், வெளியே கேட்டுவிடும் என்று சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் மண்டை பழுதாகவில்லை என்பதும் ஒரு ஆறுதல். பதினொரு குஞ்சு பொரித்தது. ஜக்கெற்றை மூன்று தரம் சவுக்காரம் போட்டுத் தோய்த்து, வெயிலில் காயவிட்டு, சாம்பிராணிப் புகையும் காட்டியிருக்கிறேன், இடது கையில் ஒரு கறை மட்டும் போகவில்லை, யாரும் கேட்டால் தேத்தண்ணி என்று சொல்லு.

இவ்வளவு நாளும் தன் கம்பளிச் சட்டையைத் தந்த, உன்னோடு அறையில் இருக்கிற அந்த ஊர்ப் பிள்ளைக்கு அதைத் தோய்த்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். புழுக்கொடியலை அவள் அரை மணித்தியாலம் சப்பிவிட்டு, இது எந்த மரத்தின் விறகு என்று கேட்டாளாமே, முழுசாகக் கொடுத்தால் வேறென்ன கேட்பாள், சின்னதாக முறித்துத் தேங்காய்ச் சொட்டோடு கொடு. அங்கே ஒருத்தரும் கதைக்கினமில்லை என்று அழுகிறாய், இங்கே ஒழுங்கையால் பஸ்ஸுக்குப் போவதற்குள் ஏழு பேர் "எங்கை பிள்ளை போறாய்" என்று கேட்கினம் என்று பல்லைக் கடித்தவளும் நீதான், அளவாக இரண்டு பேர் மட்டும் கேட்கிற நாட்டுக்கு நான் எங்கே போவேன்? அப்பா இல்லை என்று அந்தப் பிள்ளைக்காவது சொன்னாயா? சொல்லு மோளை. நீ வாயைத் திறக்காமல் இருந்துகொண்டு அவை கதைக்கினமில்லை என்று குறை சொல்லக் கூடாது.

இனி ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குப் பதில். நான் தனிய என்பது உண்மைதான், மத்தியானத்தில் அப்பா சாய்ந்திருக்கிற கதிரையைப் பார்த்தால் அழுகை வருகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அழுகிறவளைப் பார்க்க நீ ஓடி வந்தால் பிறகு இரண்டு பேரும் இருந்து அழ வேண்டும், உலை வைக்கிறது யார்? உனக்கு இடம் கிடைத்த கடிதம் பங்குனியில் வந்தபோது, அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுன்னாகம் சந்தை முழுக்கக் காட்டித் திரிந்தார், இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாத வெங்காய வியாபாரிகள் எல்லாம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நல்ல கடிதம் நல்ல கடிதம் என்று சொன்னார்களாம். அந்த மனுசன் அவ்வளவு பேருக்கும் சொல்லிவிட்டுப் போய்விட்டார், இனி அவர்களுக்கு நான் என்ன சொல்லுவது?

அப்பாவின் ஒரு வருச ஆட்டை முடியும்வரை நான் திருவிழாவுக்குப் போகேலாது, அதனால் வீட்டிலுள்ள அம்மாள் படத்துக்கு முன்னால் நின்றுதான் உனக்காகக் கும்பிடுகிறேன், அம்மாள் அங்கேயும் வந்து உன் பக்கத்தில் இருப்பாள், நன்றாகப் படித்து நெடுநாள் வாழ வேண்டும். தலை முழுகிய ஈரத்தோடு வெளியே போகாதே. சித்திரையில் அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்குக் கட்டாயம் வா, உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வைப்பேன், ஆனால் திரும்பிப் போகிற டிக்கெற்றும் கையில் இருக்க வேண்டும், படலைக்கு வெளியே நின்று அதை எனக்குக் காட்டு, பிறகுதான் திறப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீ. மீனாம்பிகை