சத்தம் போடுகிற ஷட்டர்

போன வாரம் ஜீப் நிற்கும் கொட்டகையின் ஷட்டரைத் தூக்கினேன். அடிப்பட்டை கையோடு வந்துவிட்டது. உள்ளங்கை முழுக்கத் துரு. சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. செம்மேட்டுச் சந்தைக்குப் போய்வரும் நாளெல்லாம் உங்கள் சட்டையில் இருந்த வாசனை அது. துவைக்கும்போது நான் திட்டாத நாளில்லை. இப்போது கையை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பாருங்கள்.

நீங்கள் போன பிறகு மிளகு மூட்டையும் மரவள்ளியும் ஏற்றி ஜீப் ஓட்டுகிறவள் நான்தான். ஷட்டருக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கிறவளும் நான்தான். நம் மகன் போனில், "கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டும்மா" என்றான். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்த வெல்டரும் அதையே சொன்னார். "ஒட்டுப்போட்டா அடுத்த மழைக்கு மறுபடியும் விட்டுருமுங்கக்கா. மாத்திருங்க. சத்தமே வராது, பூனை நடக்கற மாதிரி போகும்."

அந்தச் சத்தப் பேச்சில்தான் எனக்குத் திக்கென்றது.

ஜீப் வாங்கிய புதிதில் ரிவர்ஸில் வந்து நீங்களே இடித்து நெளித்தவை அந்த நடுப்பட்டைகள் இரண்டும். அன்றிலிருந்து ஷட்டர் கத்தாமல் ஏறியதில்லை. எண்ணெயாவது விடுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "எண்ணெய் விட்டா ஊருக்குக் காது கேக்காது" என்பீர்கள். அதில் பாதி சோம்பேறித்தனம் என்பது எனக்குத் தெரியும். மீதிப் பாதியை ஊரே அறியும்.

விடிகாலையில் அது கத்தினால் யாரும் கண்டுகொள்வதில்லை, சந்தைக்குக் கிளம்புகிறோம் என்று விட்டுவிடுவார்கள். நேரங்கெட்ட நேரத்தில் கத்தினால் யாரையோ கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று அர்த்தம். நீங்கள் வண்டியை வெளியே எடுப்பதற்குள் ஒருவர் கம்பளியோடும் ஒருவர் சுடுதண்ணீரோடும் வந்து ஏறிவிடுவார்கள். வளைவுக்கு வளைவு நோயாளி உருளாமல் மடியில் தாங்க ஆள் வேண்டுமே. நம் வண்டியில் ஒரு நோயாளியும் தனியாக மலையிறங்கியதில்லை. போனில் கூப்பிடலாமே என்கிறான் மகன். மழை பிடித்தால் டவர் படுத்துவிடுவது அவனுக்கு மறந்துபோயிற்று. ஹாரன் அடித்தால் இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உங்களுக்காகவும் அது ஒரு மத்தியானம் கத்தியது. நல்ல மழை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஷட்டரைத் தூக்கியது நான், ஓட்டியதும் நான். மேல்வீட்டு அண்ணன் மடியில் உங்கள் தலை, அவர் மனைவி மடியில் கால். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உங்கள் தலை ஒரு தடவைகூடச் சீட்டில் படவில்லை. அதற்கப்புறம் டாக்டர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அழுதேன்தான். ஆனால் என் வீட்டுக்காரரை ஊர் இப்படி ஏந்திக்கொண்டு வந்ததே என்று அழுகைக்கு நடுவிலும் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

வெல்டர் அளவெடுப்பதைப் பார்த்து மேல்வீட்டு அக்கா இறங்கி வந்தார்.

"ஏனுங்க தம்பி, புதுசு சத்தம் போடுங்களா?"

"துளிகூடப் போடாதுங்க, நான் கேரண்டி."

"அப்பறம் எங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

வெல்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நீங்களாக இருந்தால் ஒட்டுத்தான் போட்டிருப்பீர்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உயிருக்குப் போராடுகிற ஆளை வைத்துக்கொண்டு கிளம்பும்போது பாதியில் சிக்கிக்கொள்கிற ஷட்டர் ஆகாது. மாற்றச் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் நெளித்த இரண்டு பட்டைகளையும் புதியதின் நடுவில் கோத்துத் தரச் சொன்னேன். அவை இன்னும் துருப்பிடிக்கவில்லை.

"எம் பேரு கெட்டுப்போகுங்கக்கா" என்றார் வெல்டர்.

"கெடாதுங்க தம்பி. மாட்டுங்க."

இன்று மத்தியானம் மாட்டி முடித்தார். நான் தூக்கினேன். உங்கள் கத்தலேதான், கொஞ்சமும் குறையவில்லை. வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு எண்ணெய்க் குப்பியைத் தேடினார். அதற்குள் மேல்வீட்டு அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னாலேயே அக்கா, கையில் கம்பளி. கீழ்வீட்டிலிருந்தும் இரண்டு பேர்.

"ஆருக்குங்க என்னாச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்க. புது ஷட்டருங்க" என்றேன். ஓடி வந்த மூச்சு அடங்காமலே எல்லோரும் சிரித்தார்கள். உட்காரச் சொல்லிக் காப்பி போடப் போனேன். திரும்பிப் பார்த்தால் வெல்டர் ஷட்டரை இறக்கிவிட்டு, குப்பியைத் திறந்துகொண்டு அந்தப் பட்டைகளின் பக்கம் குனிகிறார். போய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"வேண்டாங்க தம்பி. எண்ணெய் விட்டா ஊருக்குக் காது கேக்காது."