பகலில் விடாத சொட்டு

9-1-96, செவ்வாய்

பனி. இட்லி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் மதுரை. அத்தா, அம்மா, நான். அத்தாவுக்குக் கண்ணாடி மாற்றத்தான் போனோம். தையல்காரருக்குக் கண் கொஞ்சம் மங்கினாலும் பிழைப்பு போய்விடும்.

கண்ணாடி கிடைக்கவில்லை. புது வியாதி கிடைத்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தம். சீட்டில் க்ளாக்கோமா என்று இருக்கிறது. வலது 26, இடது 31. இருபதுக்குள் இருக்க வேண்டுமாம்.

ஒரு மிஷினில் தலையை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சம் வந்தால் பட்டனை அமுக்க வேண்டும். இடது கண்ணுக்கு அத்தா அமுக்கவே இல்லை. நர்ஸ், "என்ன பாய், தூங்கிட்டீங்களா?"

"வெளிச்சம் வந்தா அமுத்த மாட்டேனா? ஒங்க மிசினு ரிப்பேரும்மா."

மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பரில் இடது கண் படம், ஓரமெல்லாம் கறுப்பு.

டாக்டர் சொன்னது: பார்வை ஓரத்திலிருந்து போகும், நடு கடைசியில் போகும், அதனால் போவதே தெரியாது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். "முதல்ல மருந்து, கேக்கலேன்னா லேசர்னு இருந்தோம். இப்ப முதல்லயே லேசர் வைக்கிறோம். தண்ணி வடியிற இடத்துல பொட்டுப் பொட்டா ஒளி அடிப்போம். கத்தி கிடையாது. கால் மணி நேரம்."

அத்தா: "ஊசியில ஒரே தடவையில நூல் கோக்குறேன் சார். கண்ணப் போயிச் சுடுறதா?" பிறகு, "பெருநாளு முடியட்டும். தையலு குவிஞ்சு கெடக்கு."

டாக்டருக்குப் பிடிக்கவில்லை. அதுவரை சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு நாலு வேளை. பெருநாள் முடிந்ததும் வர வேண்டும். என்னிடம், "படிக்கிறியாம்மா?" ஒன்பதாவதோடு நின்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மாதான் சொன்னது. டாக்டர், "சீட்டு வாசிக்கத் தெரியும்ல? நீயே விடு." தலையாட்டினேன்.

17-1, புதன்

மருந்து: காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 10.

கடை, வீட்டின் முன் அறைதான். அத்தா நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்ப்பார். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு. மூக்கோரம் அமுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். அமுத்தினாலும் கசக்கிறதாம்.

விட்டதும் நெற்றி வலி. வெளிச்சம் மங்குகிறதாம். "ட்யூப் லைட்ட மாத்து" என்று இரண்டு தடவை. லைட் புதுசு.

இன்று நான் முடித்தது: பதினோரு சட்டைக்குப் பட்டன் ஓட்டை சுற்றிக் காஜா, ஆறு சட்டைக்குப் பட்டன். விரலில் ஊசி.

23-1, செவ்வாய்

முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் மருந்து விட்டேன். பன்னிரண்டுக்குப் புட்டியோடு போனேன்.

"என்ன புள்ள இது? நோன்பு வச்சிருக்கேன்."

"கண்ணுக்குத்தானேத்தா."

"தொண்டையில கசக்குதுல்ல? கசந்தா உள்ள போயிருச்சுன்னுதானே அர்த்தம்?"

அம்மாவைப் பார்த்தேன். "முப்பது நாளுதானே. அல்லா பாத்துக்குவான்" என்றது.

புட்டியை அலமாரியில் திரும்ப வைத்தேன். இதற்கு மேல் பேச எனக்கு வராது.

2-2, வெள்ளி

பகல் சொட்டு பத்து நாளாக இல்லை. நோன்பு திறந்ததும் ஒன்று விடுகிறேன். இரவுச் சொட்டுக்கும் தட்டிக்கழிக்கிறார். துணி வெட்ட வேண்டுமாம், மங்கலாகிவிடுமாம். ஆக, நாலில் இரண்டு.

காலண்டரில் விடாததற்குப் பென்சிலால் புள்ளி வைக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

11-2, ஞாயிறு

பள்ளிவாசலில் இருந்து நோன்புக்கஞ்சி வந்தது. அத்தாவின் இடப்பக்கம் தூக்குவாளியை நீட்டினேன். தெரியவில்லை. கை தட்டி அவ்வளவும் தரையில், பெருநாள் துணி ஒன்றின் மேலும்.

அம்மா: "கண்ணப் பொடனியிலயா வச்சிருக்கீக?"

"இவ பூன மாதிரி வந்து நின்னா யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் சிரித்தோம். துணியை அலசும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். முன்னால்தான் நின்றேன். கொஞ்சம் இடது பக்கம், அவ்வளவுதான்.

20-2, செவ்வாய்

பிறை தெரிந்துவிட்டது, நாளைக்குப் பெருநாள். கடையில் கூட்டம். பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத் ஜிப்பா வாங்க வந்தார். நான் திரைக்குப் பின்னால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஹஜ்ரத்: "என்ன பாய், கண்ணு செவந்து கெடக்கு?"

"அழுத்தமாம் ஹஜ்ரத். மருந்து குடுத்திருக்காக. நோன்புன்னு பகல்ல விடுறதில்ல."

"கண்ணுல சொட்டு விட்டா நோன்பு முறியாதே!"

"தொண்டையில கசக்குதே?"

"கசந்தா கசக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அஞ்சு வேளையும் அங்குட்டுத்தானே இருக்கேன்."

ஜிப்பாவை மடித்துக் கொடுக்கும் சத்தம் மட்டும். பிறகு மிஷின் ஓடியது, முன்னைவிட வேகமாக.

கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நானாவது அம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கலாம்.

26-2, திங்கள்

வெயில் ஆரம்பித்துவிட்டது. மதுரை.

எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர். அவரை டாக்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார். "மருந்து விடாம வந்து உக்காந்தா நான் என்னய்யா பண்றது? கண்ணு எனக்கா போகப்போகுது?" அத்தா தொப்பியைச் சரி செய்துகொண்டே இருந்தார்.

அழுத்தம்: வலது 29, இடது 38.

"சொட்டு ஒழுங்கா விட்டீங்களா?"

"தவறாம நாலு வேளை சார். எம்மகதான் விடுறா."

டாக்டர் என்னைப் பார்த்தார். அத்தாவும் பார்த்தார். தலையாட்டினேன்.

டாக்டர் பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம், "மருந்துக்கு அடங்கல. இந்த நிலைமைக்கு லேசரும் பத்தாது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் போட்டுருங்க."

அடுத்த திங்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பஸ்ஸில் அத்தா காரைக்குடி வரை கண்ணை மூடியே வந்தார். தூங்கவில்லை.

28-2, புதன்

ஒரு சட்டைக்குக் காஜாவைப் பட்டன் பக்கம் போட்டுவிட்டேன். பிரித்தேன். துணி கிழிந்தது.

மருந்து கேட்காமல் போகவில்லை. மருந்தை ஒழுங்காக விடவில்லை. டாக்டருக்கு அது தெரியாது. தெரியாமல் கத்தி வைக்கப்போகிறார். என் தலை ஆடியதால்.

அம்மாவிடம் சொன்னேன். "அத்தாவப் பொய்யராக்கப் போறியா? அம்புட்டுப் பேருக்கு முன்னால?" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஆபரேசன்ல கண்ணு போயிருமோ?" என்றது. எனக்கு எப்படித் தெரியும்.

4-3, திங்கள்

மதுரை. துணி, தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் கொண்டு போனோம்.

நடைபாதையில் மேஜை போட்டு நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். இருபது பேராவது இருப்பார்கள். "சொட்டு மருந்து நாலு வேளை, ரெண்டு மாசமா. சரிதானே?"

அத்தா, "ஆமா."

"இல்ல" என்றேன்.

"என்னம்மா? சத்தமாச் சொல்லு."

"பகல்ல விடல. நோன்பு முழுக்கவே விடல. ராத்திரியும் பாதி நாள் விடல." அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அத்தா திரும்பவில்லை.

டாக்டர் வந்தார். திட்டினார், என்னையும் சேர்த்து. "தலைய ஆட்டினியேம்மா." பிறகு மிஷினில் மறுபடி பார்க்கச் சொன்னார். ஜனவரிப் பேப்பரையும் இன்றைய பேப்பரையும் பக்கத்தில் வைத்தார். இடது கண்ணில் கறுப்பு உள்ளே வந்திருக்கிறது.

"இது திரும்பாது. ஆபரேஷன நிறுத்தி வைக்கிறேன். அன்னைக்கே வச்சிருக்க வேண்டிய லேசர இன்னைக்கு வைப்போம். இறங்குதான்னு ஆறு வாரம் கழிச்சுத்தான் தெரியும். இறங்கலேன்னா ஆபரேஷன்தான். அதுவரைக்கும் ஒரு வேளை மருந்துகூட விட்டுப்போகக் கூடாது."

பெஞ்சில் காத்திருந்தபோது அம்மா என் கையைப் பிடிக்கவும் இல்லை, தள்ளி உட்காரவும் இல்லை. அத்தா வெளியே வந்தார். "சுடல" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் இல்லை.

6-3, புதன்

அத்தா பேசவில்லை. மூன்றாம் நாள்.

பன்னிரண்டுக்குப் புட்டியோடு போனேன். "ஒங்கம்மாவ விடச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா புட்டியைச் சாய்த்தது. முதல் சொட்டு கன்னத்தில். இரண்டாவது காதோரம். மூன்றாவதும் கன்னத்தில்.

அத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளையே வரச் சொல்லு."

போனேன். இமையை இழுத்தேன். விட்டேன். மூக்கோரம் அமுத்திப் பிடித்தேன். விரலுக்கு அடியில் துடித்தது. கண்ணைத் திறந்து நேரே கூரையைப் பார்த்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் நின்றது இடது பக்கம். கோபமா, தெரியவில்லையா என்று கேட்க வாய் வரவில்லை.